உலகப் பந்தயத்துக்கு முதல் படி ஒரு கூரை!

கொல்லிமலைக்குப் பஸ்சில் போனவர்களுக்கு அந்தச் சாலை மறக்காது. காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால், 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்தது. குறுக்கு வழி கிடையாது. பணக்காரர் கார் ஆனாலும் சரி, பலாப்பழம் ஏற்றிய லாரி ஆனாலும் சரி, எல்லாருக்கும் அதே 70 வளைவுதான்.

விளையாட்டு உலகிலும் இப்படி ஒரு மலைப்பாதை உண்டு. பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, ஒலிம்பிக் பந்தயத்தில் போய் முடிகிற பாதை அது. அதிலும் குறுக்கு வழி இல்லை. வளைவு வளைவாக ஏறித்தான் தீர வேண்டும்.

கொல்லிமலையில் பிறந்த ஒரு சிறுமி, இறகுப் பந்து ஆடி உலகப் பந்தயத்துக்குப் போக முடியுமா?

"முடியாது" என்று சட்டப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் எழுதப்படவில்லை. சாதி, பணம், ஊர் எதையும் அந்தச் சட்டம் கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றே: "எத்தனை பந்தயத்தில் ஆடினாய்? எவ்வளவு புள்ளி சேர்த்தாய்?"

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? மேலே அல்ல, கீழே இருக்கிறது. முதல் படியில் இருக்கிறது.

இறகின் எடை ஐந்து கிராம்

பேட்மிண்டன் என்றதும் கிராமத்தில் பலருக்குப் பூப்பந்துதான் நினைவு வரும். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து, பக்கத்துக்கு ஐந்து பேராக வெட்டவெளியில் ஆடுவது பூப்பந்து. தஞ்சையில் பிறந்த ஆட்டம் அது. நல்ல ஆட்டம். ஆனால் ஒலிம்பிக்கில் அதற்கு இடம் இல்லை.

ஒலிம்பிக்கில் உள்ளது இறகுப் பந்து. தக்கைக் குமிழில் 16 இறகுகளைச் செருகிச் செய்த பந்து அது. அதன் எடை சுமார் 5 கிராம். ஒரு ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்து வைத்தாலும் அதைவிடக் கனமாக இருக்கும்!

இந்த லேசான பந்து, கெட்டிக்கார ஆட்டக்காரரின் அடியில் துப்பாக்கிக் குண்டுபோல் பாய்கிறது. இந்திய வீரர் சாத்விக் சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் அடித்த அடியின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர். அது உலக சாதனையாகப் பதிவாகியது.

வேகம் இருந்தும் இந்தப் பந்துக்கு ஓர் எதிரி உண்டு. அந்த எதிரி காற்று! மெல்லிய காற்று வீசினாலே பந்து வழி மாறிவிடும். அதனால்தான் எல்லாப் பெரிய பந்தயங்களும் நான்கு சுவருக்குள், உயர்ந்த கூரையின் கீழ் நடக்கின்றன.

ஆடுகளம் பெரியதும் அல்ல. நீளம் 44 அடி, அகலம் 20 அடி. நடுவில் 5 அடி உயரத்தில் ஒரு வலை. நெல் காய வைக்கும் களத்தின் ஓர் ஓரமே போதும் என்று தோன்றும். ஆனால் அந்தக் களத்துக்கு மேலே கூரை வேண்டும். 30 அடிக்குக் குறையாத உயரம் இருந்தால்தான் பந்தை உயரத் தூக்கி ஆட முடியும்.

கொல்லிமலை, கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றும் உண்டு, மழையும் உண்டு, பனியும் உண்டு. வெட்டவெளியில் வலை கட்டிப் பிள்ளைகள் பொழுது போக்கலாம். பந்தயத்துக்குத் தயாராக முடியாது.

புனாவில் எழுதிய சட்டம்

இந்த ஆட்டம் இந்தியாவுக்கு அந்நியம் அல்ல. 1870-களில் புனாவில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் இதை ஆர்வத்துடன் ஆடினார்கள். ஆட்டத்துக்கு முதன்முதலில் சட்டம் வகுத்தவர்களும் அவர்களே. அதனால் இதற்குப் "புனா" என்றே ஒரு பெயர் இருந்தது. இங்கிலாந்தில் பியூபோர்ட் பிரபுவின் மாளிகைக்குப் பேட்மிண்டன் என்று பெயர். அந்த மாளிகையின் பெயரே பிறகு ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

1934-ஆம் ஆண்டு ஒன்பது நாட்டுச் சங்கங்கள் கூடி, சர்வதேச பேட்மிண்டன் சம்மேளனத்தை ஏற்படுத்தின. 1936-இல் இந்தியா அதில் சேர்ந்தது. 1977-இல் ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரில் முதல் உலகப் பட்டப் பந்தயம் நடந்தது. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்துக்கு முதல்முறையாகப் பதக்கம் வழங்கினார்கள்.

அதன் பிறகு இந்தியர் கை ஓங்கியது. 2012-இல் சாய்னா நேவால் லண்டனில் வெண்கலம் வென்றார். பி.வி.சிந்து 2016-இல் ரியோவில் வெள்ளியும், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். 2019-இல் அவர் உலகப் பட்டத்தையும் சூடினார். 2022-இல் இந்திய ஆண்கள் அணி, அதுவரை 14 முறை தாமஸ் கோப்பையை வென்றிருந்த இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தது. அதே 2022-இல் சென்னை வாலிபர் சங்கர் முத்துசாமி, உலக இளையோர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

படிப்படியாக ஏறுவது எப்படி?

பிள்ளையைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் இது.

முதல் படி பள்ளிக்கூடம். அரசுப் பள்ளிகளுக்குக் குறுவட்டப் போட்டிகள் உண்டு. அதில் வென்றால் வருவாய் மாவட்டப் போட்டி. பிறகு மாநிலப் போட்டி. 14 வயது, 17 வயது, 19 வயது என்று தனித்தனிப் பிரிவுகள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் இறகுப் பந்து உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கும் அதில் தனி இடம் உண்டு.

இரண்டாவது படி சங்கம். மாவட்டச் சங்கமும், தமிழ்நாடு பேட்மிண்டன் சங்கமும் நடத்தும் பந்தயங்களில் ஆட வேண்டும். அதில் தேறியவர்கள் தேசியப் பந்தயத்துக்குப் போவார்கள். இங்கே வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை, மட்டையுடன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது படி வெளிநாடு. தனி மனிதர் நேரே விண்ணப்பம் போட்டு சர்வதேசப் பந்தயத்தில் ஆட முடியாது. அவருடைய நாட்டுச் சங்கம்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

அங்கே போனதும் புள்ளிக் கணக்கு ஆரம்பிக்கிறது. சின்னப் பந்தயம், பெரிய பந்தயம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். அடித்தட்டில் உள்ள ஒரு சர்வதேசப் பந்தயத்தை வென்றால் 1,700 புள்ளி. நடுத்தரமானதை வென்றால் 4,000. 'சூப்பர் 1000' என்ற பெரும் பந்தயத்தை வென்றால் 12,000. 52 வாரங்களில் ஒருவர் ஆடியவற்றில், சிறந்த பத்துப் பந்தயங்களின் புள்ளியைக் கூட்டி உலக வரிசையில் அவருக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்த வரிசையைப் பார்த்துத்தான் உலகப் பட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்.

ஒலிம்பிக்குக்கு இன்னும் கடுமையான வடிகட்டல். பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளலாம். 2023 மே 1 முதல் 2024 ஏப்ரல் 28 வரை சேர்த்த புள்ளிகளே கணக்கு. ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் ஒருவர்தான். இருவர் போக வேண்டுமானால், இருவருமே முதல் 16 இடங்களுக்குள் இருக்க வேண்டும்.

இந்தியாவின் லக்ஷ்யா சென், எச்.எஸ்.பிரணாய் இருவரும் அந்த 16 இடங்களுக்குள் இருந்தார்கள். இருவரும் பாரிஸ் போனார்கள். அங்கே ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும்படி ஆயிற்று! அந்த ஆட்டத்தில் வென்ற லக்ஷ்யா சென், முடிவில் நான்காவது இடம் பெற்றார்.

இன்னொரு நல்ல விதியும் உண்டு. ஒவ்வொரு கண்டத்துக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பது அது. பெரிய நாடுகளே எல்லா இடத்தையும் வாரிக்கொண்டு போகக்கூடாது என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. உலகச் சட்டமே பின்தங்கியவர்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்து வைத்திருக்கிறது. உள்ளூர் அதை மறக்கலாமா?

மலையடிவாரத்து மாணவி

இதெல்லாம் பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கு என்று யாராவது சொன்னால், அவர்கள் துளசிமதியின் கதையைக் கேட்க வேண்டும்.

துளசிமதி காஞ்சீபுரத்துப் பெண். பிறவியிலேயே இடது கையில் குறை. தந்தை முருகேசன் கூலி வேலை செய்து குடும்பம் நடத்தியவர். அவர்தான் மகளுக்கு மட்டையைக் கொடுத்து ஆடக் கற்றுத் தந்த முதல் ஆசான்.

இறகுப் பந்தில் இரு கைக்கும் வேலை உண்டு. ஒரு கை மட்டையைப் பிடிக்கும். மறு கை பந்தைப் பிடித்து ஆட்டத்தைத் தொடங்கும், பாயும்போது உடம்பைச் சமநிலையில் நிறுத்தும். ஒரு கையில் குறை இருந்தும் துளசிமதி சோர்ந்துவிடவில்லை. குறையில்லாத பிள்ளைகளுடனேயே ஆடி வளர்ந்தார். பிறகுதான் மாற்றுத் திறனாளிகளுக்கான இறகுப் பந்துக்கு வந்தார்.

அந்தப் பிரிவில் நுழைய முதலில் ஒரு பரிசோதனை உண்டு. யாருக்கு என்ன குறை என்று நிபுணர்கள் பார்த்து வகை பிரிப்பார்கள். சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்கள் ஒரு வகை. காலில் குறையுள்ளவர்கள் ஒரு வகை. உயரம் குறைந்தவர்கள் ஒரு வகை. கையில் குறையுள்ளவர்கள் ஒரு வகை. சமமானவர்கள் சமமானவர்களோடு ஆட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வகை பிரித்த பிறகு அங்கும் அதே கணக்குதான்: பந்தயம், புள்ளி, வரிசை.

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் மாற்றுத் திறனாளிகளின் ஆசியப் பந்தயம் நடந்தது. டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற யாங் சியூசியா என்ற சீன வீராங்கனையை, அவருடைய சொந்த மண்ணிலேயே 21-19, 21-19 என்று துளசிமதி வீழ்த்தினார். தங்கம் தமிழ்நாட்டுக்கு வந்தது!

அடுத்தது பாரிஸ். 2024-ஆம் ஆண்டு பாராலிம்பிக் பந்தயம். அரை இறுதியில் துளசிமதியை எதிர்த்து நின்றவர் வேறு யாரும் அல்ல, திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ்! உலகப் பந்தயத்தின் அரை இறுதியில், வலைக்கு இந்தப் பக்கமும் தமிழ்நாடு, அந்தப் பக்கமும் தமிழ்நாடு. 23-21, 21-17 என்று துளசிமதி வென்றார். செப்டம்பர் 2-ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் அதே யாங் சியூசியா வெற்றி பெற, துளசிமதிக்கு வெள்ளி கிடைத்தது. மனிஷா வெண்கலம் வென்றார். உயரம் குறைந்தோர் பிரிவில், ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீயும் வெண்கலம் வென்றார். ஒரே பந்தயத்தில், ஒரே ஆட்டத்தில், தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேருக்குப் பதக்கம்!

பாரிசுக்குப் போனபோது துளசிமதி எங்கே படித்துக்கொண்டிருந்தார் தெரியுமா? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில்! கொல்லிமலை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அதே நாமக்கல் மாவட்டத்தின் தலைநகரில். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் படித்துக்கொண்டே உலக மேடையில் ஏறிய மாணவியின் ஊர், மலைக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. ஆனால் நடுவில் 70 வளைவுகள் இருக்கின்றன.

பரிசு மேலே, படி கீழே

பாரிசிலிருந்து திரும்பிய துளசிமதிக்குத் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் தலா 1 கோடி. மூவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய காரியம். வென்றவரைக் கொண்டாடாத நாடு வீரரை வளர்க்காது.

ஆனால் அந்தப் பரிசு, ஏணியின் உச்சியில் தொங்குகிறது. உச்சிக்கு ஏறியவருக்கு அது கிடைக்கும். ஏணியில் கால் வைக்கவே வழியில்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

மலைப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மிளகும் காப்பியும் தினையும் சாமையும் விளைகிற மலை அது. பெற்றோர் காலையில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். மாவட்டப் போட்டி என்றால், பிள்ளை விடியுமுன் எழுந்து மலை இறங்க வேண்டும். பஸ் கட்டணம் வேண்டும். கூட ஒரு பெரியவர் வர வேண்டும். வந்தால் அவருடைய அன்றையக் கூலி போயிற்று. பெண் பிள்ளையானால் வீட்டில் இன்னும் யோசிப்பார்கள். இருட்டுவதற்குள் திரும்ப முடியாவிட்டால் தங்க இடம் வேண்டும்.

சமவெளிப் பிள்ளைக்கு அது ஓர் ஆட்டம். மலைப் பிள்ளைக்கு அது ஒரு யாத்திரை!

"மலையில் செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கும்போது, பந்தாட்டம்தானா முக்கியம்?" என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. வைத்தியம் முதலில், படிப்பு முதலில், சாலை முதலில். ஆனால் ஒரு கூரை, ஆட்டத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. உயர்ந்த கூரையுள்ள ஒரு கூடம், மழை நாளில் வகுப்பறை ஆகும். முகாம் நாளில் மருத்துவமனை ஆகும். தேர்வு நாளில் தேர்வுக் கூடம் ஆகும். மற்ற நாட்களில் மாலை நேரத்தில் ஆடுகளம் ஆகும்.

ஆட்டம் சோறு போடாது என்பதும் பழைய பேச்சு. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைக் கேட்க, பந்தயத்தில் ஆடிய சான்றிதழ் வேண்டும். பந்தயத்தில் ஆட, பழக ஓர் இடம் வேண்டும். மறுபடியும் பேச்சு அந்தக் கூரையிலேயே வந்து நிற்கிறது.

செய்யக்கூடியவை நான்கு

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நான்கு காரியம் போதும்.

முதலாவது, கூரை. மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் உயர்ந்த கூடம் ஒன்று வேண்டும். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பதால், மாலையில் பழக நேரம் கிடைக்கும். இறகுப் பந்து விலை அதிகம், சீக்கிரம் பிய்ந்துபோகும். தொடக்கத்தில் நைலான் பந்து போதும். மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து சற்று வேகமாகப் பறக்கும். அதற்கு ஏற்ற, வேகம் குறைந்த பந்துகளும் கடைக்கு வருகின்றன.

இரண்டாவது, வண்டி. மாவட்டப் போட்டி நாளில் மலைப் பிள்ளைகளை ஆசிரியர் துணையுடன் ஏற்றிச் சென்று, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அதைவிட நல்லது, ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது மலை மேலேயே நடத்துவது. எப்போதும் மலைதான் இறங்க வேண்டுமா? ஒரு நாள் சமவெளி ஏறட்டுமே!

மூன்றாவது, சான்று. இது பெற்றோர் கையில் இருக்கிறது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முதல் பாரிஸ் வரை எல்லா வாசலிலும் அதைக் கேட்பார்கள்.

நான்காவது, பார்வை. கையில் குறை, காலில் குறை, உயரம் குறைவு என்று எந்தப் பிள்ளையையும் ஓரமாக உட்கார வைக்கக்கூடாது. துளசிமதியை அப்படி உட்கார வைத்திருந்தால், காஞ்சீபுரத்துக்கு அப்பால் அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு தந்தை மகள் கையில் மட்டையைக் கொடுத்தார். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

ஓரியின் மலை

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் ஐந்து விலங்குகளைத் துளைத்தவன் என்று சங்கப் புலவர்கள் புகழ்ந்த வில்லாளி அவன். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகவும் அவனை எண்ணுகிறார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள்.

குறி தவறாத கண்ணும், உரம் ஏறிய கையும் அந்த மலைக்குப் புதியவை அல்ல. செங்குத்துப் பாதையில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகளின் காலுக்கு எந்தப் பயிற்சி ஆசிரியர் புதிதாக வலிமை கற்றுத்தரப் போகிறார்? கண், கை, கால் மூன்றும் தயாராக இருக்கின்றன. இறகுப் பந்துக்கு வேண்டியதும் அவையே.

ஓரியின் வில்லுக்குத் திறந்த வானம் போதுமாக இருந்தது. அவன் மலைப் பிள்ளைகளின் மட்டைக்கு ஒரு கூரை வேண்டும். வள்ளலின் மலைக்கு அந்தச் சிறு கொடையைக் கொடுக்க நாடு தயங்கலாமா?

அந்தக் கூரை எழும்பட்டும். பிறகு பாரிஸ் என்ன, எழுபது வளைவு என்ன? ஒவ்வொன்றாக ஏறிவிடுவார்கள்!